பிஷப்பை எச்3-இல் வைத்தால் எஞ்சின் ஏன் முதலில் கண்டுகொள்வதில்லை?

கேள்வி கேட்ட தம்பி, 1998 லினாரெஸ் போட்டியில் டோபலோவுக்கு எதிராக ஷிரோவ் கறுப்புக் காய்களோடு ஆடிய ஆட்டத்தைத் தன் ஃபோனில் இருக்கும் செஸ் எஞ்சினில் (நகர்த்தல்களைக் கணக்கிட்டுச் சொல்லும் நிரலில்) போட்டுப் பார்த்திருக்கிறார். 47-வது நகர்த்தலில் ஷிரோவ் பிஷப்பைச் சும்மா தூக்கி எச்3-இல் வைத்தார். (பலகையின் நீள வரிசைகளுக்கு ஏ முதல் எச் வரை எழுத்து, குறுக்கு வரிசைகளுக்கு 1 முதல் 8 வரை எண்.) எஞ்சின் அதைக் காட்டவே இல்லை, வேறு நகர்த்தல்களையே சொல்லிக்கொண்டிருந்தது. தம்பியே பிஷப்பை நகர்த்தி வைத்ததும் சற்று நேரத்தில் 'கறுப்பு ஜெயிக்கிறது' என்று மாறிவிட்டது. "லட்சக்கணக்கான நிலைகளைப் பார்க்கிற எஞ்சினால் இதைப் பார்க்க முடியவில்லையா, என் ஃபோன்தான் மெதுவா?" என்பது அவர் கேள்வி.

ஃபோனின் வேகத்துக்கும் இதில் பங்கு உண்டு. ஆனால் முக்கியமான காரணம் வேறு. எஞ்சினுக்கு அந்த நகர்த்தல் தெரியாமல் இல்லை. பார்த்தது, மேலோட்டமாக எடை போட்டது, இதில் நேரம் செலவழிக்க வேண்டாம் என்று ஒதுக்கி வைத்துவிட்டது. கஷ்டமான சாக்ரிஃபைஸ்களை, அதாவது காயைப் பலி கொடுக்கும் நகர்த்தல்களை, எஞ்சின் தவறவிடும்போது பெரும்பாலும் நடப்பது இதுதான். எப்படி ஒதுக்குகிறது என்று புரிந்துகொண்டால், எந்த மாதிரி பலியை நொடியில் கண்டுபிடிக்கும், எதில் திணறும் என்று நீங்களே ஓரளவு சொல்லிவிடலாம்.

முதலில் அந்த நிலையைப் பார்ப்போம். பலகை இருந்தால் அடுக்கிக்கொள்ளுங்கள், பத்தே காய்கள்தான். வெள்ளை: ராஜா ஜி1, பிஷப் சி3, சிப்பாய்கள் ஜி2, எச்4. கறுப்பு: ராஜா இ6, பிஷப் எஃப்5, சிப்பாய்கள் ஏ4, டி5, எஃப்6, ஜி6. கறுப்புக்கு இரண்டு சிப்பாய் அதிகம், ஆனால் பிஷப்புகள் வேறு வேறு நிறக் கட்டங்களில் ஓடுகின்றன. இப்படிப்பட்ட முடிவாட்டங்கள் பெரும்பாலும் டிராவில்தான் போய் நிற்கும். கறுப்பு ஜெயிக்க வேண்டுமானால் ராஜா இ4-க்குப் போய், அங்கிருந்து உள்ளே நுழைந்து சிப்பாய்களுக்குத் துணை நிற்க வேண்டும். இ5 வழியாகப் போகலாமா? வெள்ளை பிஷப்பின் பார்வை அங்கே இருக்கிறது. எஃப்5 வழியாகப் போகலாமா? அங்கே தன் பிஷப்பே உட்கார்ந்திருக்கிறது. பிஷப்பை வேறெங்காவது சாதாரணமாக நகர்த்தினால், வெள்ளை ராஜா எஃப்2, இ3 என்று இரண்டே அடியில் வந்து கதவை அடைத்துவிடும்.

அதனால்தான் எச்3. ஜி2 சிப்பாய் அந்த பிஷப்பை வெட்டினால் வெள்ளையின் ஒரு நகர்த்தல் அதில் செலவாகிவிடுகிறது. கறுப்பு ராஜா எஃப்5, வெள்ளை ராஜா எஃப்2, கறுப்பு ராஜா இ4. ஒரே ஒரு அடியில் முந்திவிட்டது. வெட்டாமல் வெள்ளை ராஜா எஃப்2-க்கு வந்தால் கறுப்பு ராஜா எஃப்5. அடுத்து எஃப்3-க்கு வந்தால் பிஷப் ஜி2-இல் செக்கோடு மறுபடி விழுகிறது. ராஜா அதை வெட்டித்தான் ஆகவேண்டும், இந்தப் பக்கம் ராஜா இ4-இல் நுழைந்துவிடுகிறது. ஆட்டத்தில் டோபலோவ் வெட்டினார், 53-வது நகர்த்தலுக்குப் பின் தோல்வியை ஒப்புக்கொண்டார். ஏ-சிப்பாயையும் டி-சிப்பாயையும் ஒரே பிஷப்பால் கட்டிப்போட முடியவில்லை.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். பிஷப் போனபிறகு செக் இல்லை, மிரட்டல் இல்லை, வெட்டு இல்லை. ராஜா நடக்கிறது, அவ்வளவுதான். சிப்பாய் ராணியாவது ஏறக்குறைய 20 அரை நகர்த்தல்களுக்கு அப்பால் இருக்கிறது. (ஒருவர் ஒருமுறை நகர்த்துவது ஓர் அரை நகர்த்தல்.) அதுவரைக்கும் கணக்குப் பார்த்தால் கறுப்பு ஒரு பிஷப்பைத் தொலைத்துவிட்டு நிற்கிறது.

சரி, எஞ்சின் பக்கம் வருவோம். எஞ்சினுக்கு 'சாக்ரிஃபைஸ்' என்று ஒரு சமாச்சாரமே கிடையாது. அதற்குத் தெரிந்தது நகர்த்தல்களின் மரமும், கிளை நுனியில் நிற்கும் நிலைக்கு ஒரு மதிப்பெண்ணும் மட்டும்தான். இடையில் ராணி போயிருந்தாலும் நுனியில் மதிப்பெண் நன்றாக இருந்தால் அதற்குத் திருப்தி. ஆக, நுனி வரை போகிறதா என்பதுதான் பிரச்சினை.

நடு ஆட்டத்தில் ஒருவருக்குச் சுமார் 35 நகர்த்தல்கள் இருக்கும். 10 அரை நகர்த்தல் ஆழம் பார்க்க 35-ஐப் பத்துமுறை பெருக்க வேண்டும். 27 கோடி கோடிக்கு மேல் வரும். இதைக் குறைக்கும் முதல் உபாயம் ஆல்ஃபா-பீட்டா வெட்டு. இங்கே வெட்டு என்றால் காயை வெட்டுவதல்ல, மரத்தின் கிளையைப் பார்க்காமல் நறுக்கிவிடுவது. ஒரு கிளையில் எதிராளிக்கு நல்ல பதில் ஒன்று கிடைத்து, அந்தக் கிளை கையில் இருப்பதைவிட மோசம் என்று தெரிந்துவிட்டால், மற்ற பதில்களைத் தேடிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. நகர்த்தல்களைப் பார்க்கும் வரிசை நன்றாக அமைந்தால் அந்த 27 கோடி கோடி சுமார் 10 கோடியாகச் சுருங்கிவிடும். சாக்ரிஃபைஸ்கள் தவறுவதற்கு ஆல்ஃபா-பீட்டாதான் காரணம் என்று பலர் எழுதுகிறார்கள். அது தவறு. இந்த வெட்டில் எதுவும் நழுவாது, முழு மரத்தையும் பார்த்திருந்தால் வரும் அதே விடைதான் வரும். நழுவுவது இதற்குமேல் செய்யப்படும் துணிச்சலான வெட்டுகளில்.

அதில் முக்கியமானது, பின்வரிசை நகர்த்தல்களை ஆழம் குறைத்துப் பார்ப்பது. ஒவ்வொரு நிலையிலும் எஞ்சின் நகர்த்தல்களை ஒரு வரிசையில் நிறுத்துகிறது. முன்பு பார்த்தபோது சிறந்ததாக நினைவில் வைத்தது முதலில், எதிராளியின் காயை லாபமாக வெட்டும் நகர்த்தல்கள் அடுத்து, மற்ற கிளைகளில் நன்றாக வேலை செய்தவை அதற்கடுத்து. எச்3-இல் பிஷப்பைச் சும்மா கொடுக்கும் நகர்த்தல் எங்கே நிற்கும்? கடைசியில்தான். பந்திக்குக் கடைசியில் உட்கார்ந்தவர் நிலைமை. முன்வரிசை நகர்த்தலை 20 ஆழத்துக்குப் பார்க்கும்போது, கடைசியில் நிற்பதைப் பல அடி குறைத்து மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, ஏதாவது ஆச்சரியம் தெரிந்தால் மட்டும் முழு ஆழத்துக்குத் திரும்புகிறது. ஷிரோவின் நகர்த்தலில் அந்தக் குறைந்த ஆழத்துக்குள் ஆச்சரியம் எதுவும் தெரியாது. பிஷப் போனது மட்டும்தான் தெரியும்.

இரண்டாவது, 'நல் மூவ்' (null move, வெற்று நகர்த்தல்) என்ற உபாயம். இது எனக்கு மிகவும் பிடித்த யோசனை, சாக்ரிஃபைஸுக்கு இதுவே பெரிய எதிரியும் கூட. ஒரு நிலையில் நகர்த்த வேண்டியவர் தன் முறையை விட்டுக்கொடுத்து, எதிராளி அடுத்தடுத்து இரண்டுமுறை ஆடினாலும் தான் மேலேயே இருக்கிறார் என்றால், அந்த நிலை அவருக்கு நன்றாகத்தான் இருக்க வேண்டும். அதற்குமேல் பார்க்காமல் வெட்டிவிடலாம். சாதாரண நிலைகளில் இது அருமையாக வேலை செய்யும். பலி கொடுத்த நிலையில் என்ன ஆகும்? வெள்ளை ஒரு பிஷப் மேலே இருக்கிறது. 'வெள்ளை சும்மா இருந்தால்?' என்று எஞ்சின் குறைந்த ஆழத்தில் சோதிக்கிறது. கறுப்பு ராஜா இன்னொரு அடி எடுத்து வைக்கிறது, பிஷப்போ இன்னும் மேலேதான் இருக்கிறது. உடனே வெட்டு. ராஜாவும் சிப்பாய்களும் மட்டும் மிஞ்சியவருக்கு இந்தச் சோதனையைச் செய்யாதபடி எஞ்சின்களில் பாதுகாப்பு வைத்திருப்பார்கள். ஆனால் இங்கே வெள்ளையிடம் பிஷப் இருப்பதால் அந்தப் பாதுகாப்பும் குறுக்கே வராது.

இப்போது செக்கோடு வரும் பலிகளைப் பாருங்கள். ராஜா செக்கில் இருக்கும்போது முறையை விட்டுக்கொடுக்க முடியாது, நல் மூவ் வெட்டு அங்கே நடக்காது. பதில்களும் இரண்டு மூன்றுதான், கிளை பரவாமல் ஒல்லியாக நீளும். செக்குகளுக்கு ஆழத்தைக் கூட்டிப் பார்க்கும் வழக்கமும் பல எஞ்சின்களில் உண்டு. 1956-இல் நியூயார்க்கில் 13 வயது ஃபிஷர், டொனால்ட் பைர்னுக்கு எதிராகத் தன் ராணி வெட்டுப்படும் நிலையில் இருக்க, பிஷப்பை இ6-க்கு நகர்த்தினாரே, அது இன்றைய எஞ்சினுக்கு ஒரு நொடி வேலை. ராணி போனதும் பிஷப்பும் குதிரையும் மாறி மாறிச் செக் கொடுத்து ஒவ்வொன்றாக வாரிக்கொண்டு வருகின்றன. நமக்குப் பிரமிப்பாக இருக்கிறது, எஞ்சினுக்கு அது நேர்கோட்டுப் பாதை. ராணியைப் பலி கொடுப்பது பெரிய பலி, அதனால் கண்டுபிடிக்கக் கஷ்டம் என்று நாம் நினைப்போம். எஞ்சினுக்கு அப்படியில்லை. பலியின் அளவு அதற்குப் பொருட்டே இல்லை, பலிக்குப் பிறகு வரும் அமைதியான நகர்த்தல்கள்தான் சிரமம்.

அதற்கு நல்ல உதாரணம் 1990 உலகச் சாம்பியன் போட்டியின் 20-வது ஆட்டம், லியோன் நகரில் காஸ்பரோவும் கார்போவும் ஆடியது. 26-வது நகர்த்தலில் காஸ்பரோவின் குதிரை எச்6 சிப்பாயை வெட்டியது. எஞ்சின்களுக்குக் கஷ்டமான 11 நிலைகளை பியேர் நோலோ என்பவர் தொகுத்தார், அதில் முதல் நிலையே இதுதான். கறுப்பு, குதிரையைத் தொடாமல் சி-சிப்பாயைத் தள்ளி பி2-இல் பிஷப்பை வெட்டுகிறது. வெள்ளை அவசரப்படாமல் ராணியை ஜி4-க்குக் கொண்டுவருகிறது. நான் இதில் மறுபடி மறுபடி நின்று பார்ப்பது 31-வது நகர்த்தலை. தாக்குதல் உச்சத்தில் இருக்கும்போது காஸ்பரோவ் தன் ராஜாவை ஜி1-இலிருந்து எச்2-க்கு ஒரு அடி நகர்த்துகிறார். ஏன்? இ4-இல் இருக்கும் குதிரை ஜி5-க்குப் பாய வேண்டும். அது நகர்ந்தால் இ-வரிசை திறந்து, கறுப்பு ராணி இ1-இல் இருக்கும் யானையைச் செக்கோடு வெட்டும். ராஜா எச்2-இல் இருந்தால் அது செக் ஆகாது, வெள்ளைக்கு மேட் பண்ண நேரம் கிடைத்துவிடும். காய்க் கணக்கில் கறுப்பு சற்று மேலே இருக்கும் நிலையில் இப்படி ஓர் அமைதியான அடி. இதற்கு ஐந்து நகர்த்தல் முன்னால், 26-இல் நின்றுகொண்டு இதையெல்லாம் பார்க்க வேண்டும் என்றால் அந்தக் கால எஞ்சின்கள் திணறியதில் ஆச்சரியமே இல்லை.

இதுவரை சொன்னது தேடல் பற்றி. எவ்வளவு ஆழம் தேடினாலும் கிடைக்காத பலிகளும் உண்டு, அங்கே மதிப்பெண் போடும் விதம்தான் தீர்மானிக்கும். 1953 ஜூரிச் கேண்டிடேட்ஸ் போட்டியில் (உலகச் சாம்பியனோடு மோதுபவரைத் தேர்ந்தெடுக்கும் போட்டி) ரெஷெவ்ஸ்கிக்கு எதிராக பெட்ரோசியன் தன் யானையை இ7-இலிருந்து இ6-க்கு நகர்த்தினார், பிஷப் அதை வெட்டிக்கொள்ளலாம் என்று. மேட் இல்லை, திரும்பக் காய் பிடிக்கும் தந்திரமும் இல்லை. யானை விலகிய இ7 வழியாகக் குதிரை டி5-க்கு வந்து உட்கார்ந்தது, வெள்ளையின் நடுச் சிப்பாய்கள் முடங்கின, ஆட்டம் டிரா. சிப்பாய்க்கு 1, குதிரைக்கு 3, யானைக்கு 5 என்று கூட்டி, மேலே கொஞ்சம் நிலை மதிப்பைச் சேர்க்கும் பழைய எஞ்சினுக்கு 30 அடி ஆழத்திலும் இது யானையைக் கொடுத்து பிஷப்பை வாங்கிய நஷ்டம்தான்.

இங்கேதான் நரம்பு வலையமைப்புகள் (neural networks, பயிற்சியால் தாமே எடை போடக் கற்கும் நிரல்கள்) பெரிய மாற்றத்தைக் கொண்டுவந்தன. ஷோகி என்ற ஜப்பானியப் பலகை ஆட்டத்துக்காக 2018-இல் யூ நாசு உருவாக்கிய என்.என்.யு.இ. என்ற வலையமைப்பு, 2020 செப்டம்பரில் ஸ்டாக்ஃபிஷ் என்ற செஸ் எஞ்சினின் 12-வது பதிப்பில் வந்து சேர்ந்தது. ராஜா எங்கே இருக்கிறது என்பதோடு சேர்த்தே மற்ற ஒவ்வொரு காயின் இடத்தையும் அது எடை போடுகிறது. அதனால் மூலையில் முடங்கிய யானையையும் நடுவில் வேரூன்றிய குதிரையையும் பட்டியல் விலைக்கு எடுத்துக்கொள்வதில்லை. தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்த பாதியை நிலையைப் பார்த்தவுடனே உணர்ந்துவிடுகிறது.

ஆல்ஃபாஸீரோ, அதைத் தொடர்ந்து வந்த லீலா என்ற எஞ்சின்கள் வேறு வழியில் போகின்றன. 2017 டிசம்பரில் ஆல்ஃபாஸீரோ பற்றிய விவரம் வெளிவந்தபோது, அது வினாடிக்கு சுமார் 80,000 நிலைகளைப் பார்த்தது, எதிரில் இருந்த ஸ்டாக்ஃபிஷ் சுமார் 7 கோடி. ஒவ்வொரு நிலையிலும் 'இந்த நகர்த்தலுக்கு இவ்வளவு வாய்ப்பு' என்று வலையமைப்பு முதலிலேயே ஒரு பங்கு ஒதுக்கிவிடும், தேடல் அந்தப் பங்கை ஒட்டிப் போகும். நீண்டகாலப் பலிகளில் இது அபாரமாக ஆடும். ஆனால் வலையமைப்பு ஒரு நகர்த்தலுக்கு மிகச் சிறிய பங்கு கொடுத்துவிட்டால் தேடல் அந்தப் பக்கம் ரொம்ப நேரம் போகாது. ஷிரோவின் பிஷப் மாதிரி வழக்கத்துக்கு மாறான ஒன்றை ஸ்டாக்ஃபிஷ் ஆழத்தைக் குறைத்துத் தவறவிடும், லீலா கவனத்தைக் குறைத்துத் தவறவிடும்.

ஓர் எஞ்சின் பலி கொடுத்தாலே அது கணக்குப் போட்டுக் கொடுத்தது என்றும் நினைத்துவிடக் கூடாது. 1997 மே 11-இல் ஐ.பி.எம்.மின் செஸ் கணினியான டீப் ப்ளூ கடைசி ஆட்டத்தில் இ6-இல் குதிரையைக் கொடுத்து காஸ்பரோவை 19 நகர்த்தலில் வீழ்த்தியது. அந்தக் குதிரைப் பலி தேடலில் கிடைத்ததல்ல, மனிதர்கள் அதன் திறப்பாட்டத் தொகுப்பில் சேர்த்து வைத்திருந்தது.

இப்போது தம்பி பார்த்த அந்த மாற்றத்துக்கு வருகிறேன். நீங்கள் பிஷப்பை எச்3-இல் வைத்தவுடன் அந்த நகர்த்தல் வரிசையில் கடைசி என்ற நிலை போய்விட்டது. தேடல் மரத்தின் வேர், அதாவது தேடல் தொடங்கும் இடம், அங்கேயே நகர்ந்துவிட்டது. ஆழம் குறைப்பு அந்த இடத்தில் இல்லை, முழு நேரமும் அந்த ஒரு கிளைக்கே. அப்புறம் ஒரு அடி பின்னால் வந்து பாருங்கள். எஞ்சின் தான் பார்த்த நிலைகளை நினைவகத்தில் ஒரு அட்டவணையாக வைத்திருக்கும். அதை அழிக்காமல் பின்னால் வந்தால், சற்று முன் தவிர்த்த அதே நகர்த்தல் முதல் வரிசைக்கு வந்து நிற்கும். கஷ்டமான பலியை அலச இதுதான் நம்பகமான வழி: முன்னால் போய், எதிராளியின் ஒவ்வொரு நல்ல பதிலுக்கும் கொஞ்ச நேரம் கொடுத்து, மெதுவாகப் பின்னால் வருவது. நினைவகத்தைத் தாராளமாக ஒதுக்கிவிட்டுச் செய்யுங்கள். ஒரே வரிக்குப் பதில் நான்கைந்து வரிகளைக் காட்டும்படி வைப்பதும் உதவும். ஆனால் அது முதல் நகர்த்தலைத்தான் விரிக்கும், உள்ளே பத்தாவது அடியில் இருக்கும் அமைதியான நகர்த்தலுக்கு நீங்களே போய்த்தான் ஆகவேண்டும்.

ஆனந்தின் ஆட்டம் ஒன்று இங்கே நினைவுக்கு வருகிறது. 2013-இல் நெதர்லாந்தின் வைக் ஆன் ஸீ ஊரில் நடந்த போட்டியில் அரோனியனுக்கு எதிராக 15-வது நகர்த்தலில் பிஷப்பை சி5-இல் வைத்தார், டி4 சிப்பாய் வெட்டலாம். அடுத்த நகர்த்தலிலேயே குதிரையை இ5-இல் வைத்தார், அதை இரண்டு சிப்பாய்கள் வெட்டலாம். 23-வது நகர்த்தலில் ஆட்டம் முடிந்தது. அந்த வழி 2012-இல் கெல்ஃபாண்டுடன் நடந்த உலகச் சாம்பியன் போட்டிக்காக அவர் குழு தயாரித்து வைத்திருந்தது. உலகத் தரத்தில் எஞ்சினை இப்படித்தான் பயன்படுத்துகிறார்கள். எஞ்சின் சொல்வதற்காகக் காத்திருக்காமல், மனிதர் ஒரு யோசனையை அதன் முன் வைத்து 'இதைப் பார்' என்று தள்ளிக்கொண்டே இருக்கிறார்.

இன்னொரு ஆபத்தையும் சொல்ல வேண்டும். எஞ்சின் எதிராளி எப்போதும் சிறந்ததையே ஆடுவார் என்று வைத்துத்தான் மதிப்பெண் போடும். 1999-இல் அதே வைக் ஆன் ஸீயில் காஸ்பரோவ் டோபலோவுக்கு எதிராக டி4-இல் யானையைக் கொடுத்தார். டோபலோவ் அதை வெட்டினார், அடுத்த யானை இ7-இல் செக்கோடு வந்தது, கறுப்பு ராஜா ஏ7-இலிருந்து பலகையைக் கடந்து டி1 வரை ஓடியது. எஞ்சினிடம் கேட்டால், யானையை வெட்டாமல் ராஜாவை பி6-க்கு நகர்த்தியிருந்தால் கறுப்புக்குக் கவலை இல்லை என்று காட்டும். 28-வது நகர்த்தலில் காஸ்பரோவே ராணியை சி3-க்குக் கொண்டுபோகாமல் யானையை நேராக ஏ7-க்குக் கொண்டுபோயிருந்தால் இன்னும் பலம் என்றும் காட்டும். இரண்டும் உண்மைதான். அதற்காக அந்த யானைப் பலி மோசம் என்று எழுதுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. கடிகாரம் ஓட, எதிரில் காஸ்பரோவ் உட்கார்ந்திருக்க, அந்த யானையைத் தொடாமல் விடுவது எவ்வளவு கடினம் என்பதற்கு எஞ்சினிடம் மதிப்பெண் கிடையாது. சமநிலை என்று பூஜ்யம் காட்டினால், எத்தனை பதில்களில் அந்தப் பூஜ்யம் நிற்கிறது என்று பாருங்கள். ஒரே ஒரு பதிலில்தான் நிற்கிறது என்றால் அந்தப் பலி ஆடத் தகுந்தது.

ஷிரோவ் நிலையைப் பின்னோக்கி அலசி முடித்ததும் இந்த காஸ்பரோவ்-டோபலோவ் ஆட்டத்தின் 36-வது நகர்த்தலில் எஞ்சினை நிறுத்திவிட்டு நீங்கள் மட்டும் யோசியுங்கள். வெள்ளை பிஷப் எச்3-இல் இருக்கிறது, கறுப்பு ராணி சி4-இல், கறுப்பு ராஜா டி1-இல். பிஷப் எஃப்1-க்குப் போய் ராணியைத் தாக்குகிறது, ராணி அதை வெட்டிக்கொள்ளவும் முடியும். வெட்டினால் என்ன நடக்கும் என்று தாளில் எழுதி வைத்துக்கொண்டு, அதன்பிறகு எஞ்சினை ஓட விடுங்கள்.